சுற்றும், ஆனால் பற்றாது: சுங்கை சிப்புட்டில் ஒரு ராணுவ லேண்ட் ரோவர்

பழைய ராணுவ வண்டி வாங்கியவரிடம் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, "அந்த 24 வோல்ட்டக் கழட்டிப் போட்டுட்டு 12க்கு மாத்திடு" என்பதுதான். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கார்கள் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுகின்றன, பல்பு முதல் ஸ்டார்ட்டர் வரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் விடியற்காலை முதல் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் அந்தக் கணக்கு சரிவராது என்பது என் முடிவு. அரைகுறையாக மாற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மாற்றாமல் விட்டிருந்தால்கூட வண்டி அவ்வளவு அவதிப்பட்டிருக்காது. என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு நேர்ந்ததும் அதைச் சரிசெய்த விதமும் இங்கே.

வண்டி

லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ. சக்கர இடைவெளி 109 அங்குலம். 2,286 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். கம்பியில்லா ரேடியோ பொருத்துவதற்கென்றே ராணுவத்துக்காகத் தயாரித்த வகை. இந்த வகையில் முன் இருக்கைகளுக்கு நடுவே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 24 வோல்ட் தரும். ஆல்டர்நேட்டரும் ஸ்டார்ட்டரும் விளக்குகளும் அதற்கேற்றவை. ரேடியோவில் இரைச்சல் கேட்கக்கூடாது என்பதற்காக தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயில், அதை சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர் எல்லாம் உலோக உறைக்குள் அடைபட்டிருக்கும்.

என்னிடம் வந்தபோது அந்த உறைகள் எதுவும் இல்லை. ராணுவ ஏலத்தில் போன வண்டி, பிறகு ஒரு குத்தகைக்காரரிடம் ஆள் ஏற்றவும் உரமூட்டை இழுக்கவும் ஓடியிருக்கிறது. மேலே நீலச் சாயம், அதைச் சுரண்டினால் ராணுவப் பச்சை, அதற்கும் கீழே இன்னொரு பச்சை. முன் இறக்கையில் ஏரியல் நின்ற இடத்தில் அடைத்த துளைகள் தெரிந்தன.

இந்தப் பட்டணத்தில் லேண்ட் ரோவருக்குத் தனி மரியாதை உண்டு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது. 1960 ஜூலை 31 வரை நீடித்த அந்தக் காலத்தில், இரும்புத் தகடு அடித்த வண்டிகள் பால்மரக் காட்டுச் சாலைகளில் ஓடியதை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். என் வண்டி அதற்குப் பிந்தியது. ஆனாலும் கொட்டகையைக் கடந்து போகும் எழுபது வயதுக்காரர் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் போவதில்லை.

கோளாறு

காலையில் ஒரே சாவியில் பற்றிக்கொள்ளும். பாசாருக்குப் போய் வரலாம், கோவிலுக்குப் போய் வரலாம். மாலை மழையில், கடைத்தெருவில் நின்று நின்று ஓட்டிவிட்டு அணைத்தால்தான் வம்பு. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பற்றாது. ஹெட்லைட் பளிச்சென்று எரியும். நாலு பேர் சேர்ந்து தள்ளினால் உடனே பற்றிக்கொள்ளும்.

பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மழையில்தான் வருகிறது என்பதால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் என்றார் ஒருவர். மூடியைத் துடைத்து ஈரம் விரட்டும் ஸ்பிரே அடித்தும் பலன் இல்லை. சூடான பிறகுதான் வருகிறது என்பதால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைக்கிறது என்றார் இன்னொருவர். புதுப் பெட்ரோல் பம்ப் போட்டாயிற்று, குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளியும் வைத்தாயிற்று. ஒரு பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். பேட்டரியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டேஷ்போர்டில் சார்ஜ் முள் சரியான இடத்தில் நிற்கிறது என்றால் பேட்டரிக்கு என்ன குறை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முடிச்சை அவிழ்த்தவர் தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். வந்தார், பானட்டைத் திறக்கவே இல்லை. மழைக்குப் பிறகு பற்றாமல் நின்ற வண்டியின் முன்பம்பரில் கைப்பிடிக் கம்பியைச் செருகினார். சீரிஸ் லேண்ட் ரோவரைக் கையால் சுற்றியே கிளப்பலாம். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு. இன்ஜின் பற்றிக்கொண்டது.

"பாத்தியா தம்பி? கையால சுத்துனா பத்துது. மோட்டர் சுத்துனா பத்தல. அப்ப பெட்ரோல்ல கோளாறு இல்ல லா."

"அப்ப என்னண்ணே?"

"மோட்டர் சுத்தும்போது எதையோ திங்குது. என்னத்தைத் திங்குதுன்னு மீட்டர் வெச்சுப் பாரு."

கோளாற்றைப் பாதியாகக் குறைத்துவிட்ட சோதனை அது. கையால் சுற்றும் வேகம் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தைவிடக் குறைவு. பெட்ரோலோ காற்றோ போதாமல் இருந்தால் கையால் சுற்றும்போதுதான் இன்னும் கடினமாக இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் ஈரம் இருந்தால் இரண்டு வகையிலும் பற்றக்கூடாது. இரண்டுக்கும் இருக்கும் ஒரே முக்கிய வித்தியாசம், ஸ்டார்ட்டர் அந்த நேரத்தில் பேட்டரியிலிருந்து உறிஞ்சும் மின்சாரம். அதாவது ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் காயிலுக்கு வோல்ட்டேஜ் போய்ச் சேரவில்லை.

மீட்டர் சொன்னது

இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 28.1 வோல்ட். 24 வோல்ட் வண்டிக்கு அது சரியான அளவு. எல்லாப் பட்டறைகளும் அளந்து பார்த்தது இந்த ஒரு எண்ணைத்தான்.

ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளந்தபோதுதான் உண்மை வெளிவந்தது. எர்த் பக்கத்துப் பேட்டரியில் 12.7, மேல் பேட்டரியில் 15.4. கூட்டினால் அதே 28.1. முதல் பேட்டரிக்குச் சார்ஜே ஏறவில்லை, இரண்டாவது கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூடியைத் திறந்தால் தண்ணீர் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. "ஒண்ணுக்கு மட்டும் அடிக்கடி தண்ணி ஊத்தணும்" என்று பழைய உரிமையாளர் சொன்னதற்கு அப்போதுதான் காரணம் விளங்கியது.

சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளந்தால் மொத்தம் 17 வோல்ட். அதில் எர்த் பக்கத்துப் பேட்டரியின் பங்கு ஆறரை மட்டுமே. இன்ஜினின் காயில் அந்த ஆறரையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

டேஷ்போர்டைக் கழற்றி ஒயரைப் பின்தொடர்ந்தபோது கதை முழுதாகக் கிடைத்தது. ராணுவக் காயில் போன பிறகு யாரோ 12 வோல்ட் கார் காயிலைப் போட்டிருக்கிறார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டுமே என்று இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயரை இழுத்திருக்கிறார்கள். பிறகு ஹாரன், பிறகு ரேடியோ, கடைசியாக 12 வோல்ட் வைப்பர் மோட்டர் என்று எல்லாம் அதே ஒயரில் ஏறியிருக்கின்றன. மழை வந்தால்தான் கோளாறு என்பதற்கு இதுவே விளக்கம். ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மழை வந்தால் வைப்பர் ஓடும். வைப்பர் ஓடினால் அந்த ஒரு பேட்டரி வற்றும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நடுவிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் வழக்கம் லோரிகளிலும் சாதாரணமாக இருக்கிறது. வரிசையாக இணைந்த இரண்டு பேட்டரிகளில் ஒரே மின்னோட்டம்தான் பாயும். ஆல்டர்நேட்டரின் ரெகுலேட்டருக்குத் தெரிவது மொத்த வோல்ட்டேஜ் மட்டுமே. நடுவிலிருந்து சுமையை எடுத்தால், மேல் பேட்டரிக்கு முழு மின்னோட்டம் கிடைக்கும். எர்த் பக்கத்துக் கீழ் பேட்டரிக்கு அதில் சுமை போக மிச்சம்தான் கிடைக்கும். மேல் பேட்டரி நிரம்பி வோல்ட்டேஜ் ஏற ஏற, மொத்தம் 28ஐத் தொட்டுவிட்டது என்று ரெகுலேட்டர் மின்னோட்டத்தைக் குறைக்கும். குறைந்த மின்னோட்டம் சுமைக்கே போதாது. கீழ் பேட்டரி தன்னிடம் இருப்பதையும் கொடுத்து வற்றிப்போகும். காலப்போக்கில் ஒன்று கொதித்துச் சாகும், மற்றது தகட்டில் கந்தகப் படிவு ஏறிச் சாகும். இரண்டையும் புதிதாக வாங்கிப் போட்டாலும் சில மாதங்களில் அதே கதைதான்.

எந்தப் பக்கம் திரும்புவது

இரண்டு வழி இருந்தது. முழுவதும் 12 வோல்ட்டுக்கு மாற்றலாம், அல்லது முழுவதும் 24க்குத் திரும்பலாம்.

12க்கு மாற்ற வேண்டுமானால் ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர், எல்லாப் பல்புகள், ஃப்யூயல் மீட்டர், வெப்ப மீட்டர், இண்டிகேட்டர் யூனிட் அனைத்தையும் மாற்ற வேண்டும். ராணுவ ஆல்டர்நேட்டரின் தாங்கி சாதாரண ஆல்டர்நேட்டருக்குப் பொருந்தாது என்பதால் தாங்கியையும் மாற்ற வேண்டும். அதே வேலையை 12 வோல்ட் செய்ய இரு மடங்கு மின்னோட்டம் தேவை, ஆகவே ஸ்டார்ட்டர் ஒயரும் தடிமனாக வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தால் கையில் இருப்பது ஒரு சாதாரணப் பழைய லேண்ட் ரோவர். அப்படிப்பட்ட வண்டிகள் கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த வண்டியை ராணுவ வண்டி ஆக்குவதே அந்த 24 வோல்ட் அமைப்புதான்.

எங்கள் கடைத்தெருவைப் பார்த்தால் பதில் தானாக வந்தது. லோரிகள் எல்லாம் 24 வோல்ட். லோரி எலெக்ட்ரிக் கடையில் 24 வோல்ட் பிரேக் பல்பு, இண்டிகேட்டர் பல்பு, ஹாரன், ரிலே, ஃப்ளாஷர் எல்லாம் தட்டிலேயே இருக்கும். ஏழு அங்குல வட்ட ஹெட்லைட்டுக்கு எச்4 கண்ணாடியும் 75/70 வாட் 24 வோல்ட் பல்பும் கிடைக்கும். கடை முதலாளியான தவுக்கே என் வண்டியை லோரிக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார். தலைநகரில் வீட்டு மாடியின் கீழ் கார் நிறுத்துபவருக்கு 24 வோல்ட் தொல்லையாக இருக்கலாம். இங்கே அது வரம்.

காயில்

கிடைக்காத ஒரே பொருள் 24 வோல்ட் காயில். இங்கிலாந்தில் ராணுவ உபரிச் சாமான் விற்பவர்களிடம் வாங்கலாம். ஆனால் அது ஒரு நாள் போய்விட்டால் அடுத்தது வரும்வரை வண்டி நிற்கும். அதனால் 12 வோல்ட் காயிலையே வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பது என்று முடிவானது.

கணக்கு எளிது. காயிலின் உள்சுற்று 3 ஓம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அந்த மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட்டும் அந்த அளவைத் தாங்கும். ஆல்டர்நேட்டர் தரும் 28 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் போய் காயில் வெந்துவிடும், பாயிண்ட் கருகும். 4 ஓம் ரெசிஸ்டரை வரிசையில் சேர்த்தால் மொத்தம் 7 ஓம். 28ஐ 7ஆல் வகுத்தால் மீண்டும் அதே 4 ஆம்பியர். ரெசிஸ்டரில் 64 வாட் வெப்பம் எழும் என்பதால் 100 வாட் தாங்கும் அலுமினிய உறை வகையைத் தேர்ந்தெடுத்து, தடுப்புத் தகட்டில் பெட்ரோல் குழாய்க்கு எட்டாத இடத்தில் இறுக்கினோம். தொட்டால் சுடும், ஆகவே சுற்றிலும் துளையிட்ட மூடி. இன்ஜின் ஓடாமல் சாவியைத் திறந்தபடி விட்டுப் போகக்கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்த விதி.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது மொத்த வோல்ட்டேஜ் 17 அல்லது 18க்கு இறங்கும். அப்போது 7 ஓமில் இரண்டரை ஆம்பியர்தான் பாயும், தீப்பொறி மெலியும். எனவே சாவியின் ஸ்டார்ட்டர் ஒயரோடு ஒரு லோரி ரிலேயை இணைத்து, அந்தச் சில நொடிகள் மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி நேராகக் காயிலுக்கு மின்சாரம் போகும்படி செய்தோம். பல கார்களில் தொழிற்சாலையே பயன்படுத்திய பழைய உத்தி இது. பேட்டரி அரை வலுவில் இருக்கும்போதுகூட இப்போது பொறி நீலமாகப் பாய்கிறது.

நடு ஒயரை அண்ணன் தன் கையாலேயே வெட்டினார். வைப்பருக்கும் ஹாரனுக்கும் 24 வோல்ட் லோரிப் பாகங்கள் வந்தன. ரேடியோவுக்கு மட்டும் 24ஐ 12ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர். அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். பேட்டரிகளை ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேதி முத்திரை பார்த்து ஜோடியாக வாங்கினோம். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றுவது மறுபடியும் அதே சமமின்மைக்குக் கதவு திறப்பது.

சேர்த்த எதற்காகவும் வண்டியில் புதுத் துளை போடவில்லை. ராணுவம் போட்ட துளைகளே போதுமானவையாக இருந்தன. நாளை உலோக உறையிட்ட அசல் டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் கிடைத்தால் ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடலாம். பழைய வண்டியில் செய்யும் எந்த மாற்றத்துக்கும் நான் வைக்கும் ஒரே நிபந்தனை இந்தத் திரும்பும் வழி.

பிரேக்கும் சேசிஸும்

பிரேக்கில் மட்டும் அந்த நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று நினைக்கிறேன். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்கோ ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நான்கு டிரம்மும் சும்மா இருக்கும். இரும்புக் குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாய் போட்டோம். எண்ணெய் டாட் 4. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிப்பது, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். பேராக்கின் காற்றில் ஈரம் ஏறத் தாமதமாகாது, எனவே ஆண்டுதோறும் மாற்றுகிறோம். ஈரம் உறிஞ்சாத சிலிக்கோன் வகையைச் சிலர் விரும்புகிறார்கள். அதை டாட் 4 உடன் கலக்கவே கூடாது. வழியில் எண்ணெய் குறைந்தால் ஊர்க்கடையில் கிடைப்பதை ஊற்ற வேண்டிய வண்டிக்கு அது ஆபத்து. அடுத்த கட்டமாக, பிந்திய லேண்ட் ரோவர்களில் வந்த இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தும் எண்ணம் இருக்கிறது. இன்ஜின், நிறம், உடலமைப்பு போன்றவற்றை மாற்றினால் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் பரிசோதனையும் தேவை. பிரேக்கில் கை வைக்கும் முன்னும் அங்கே நேரில் கேட்டுவிடுவதே நல்லது. நீலத்திலிருந்து பச்சைக்குத் திரும்பும் சாயத்துக்கும் பதிவேட்டில் நிறத்தை மாற்றியாக வேண்டும்.

உடல் அலுமினியம், சேசிஸ் எஃகுப் பெட்டி. வெளியே பார்த்தால் திடமாக இருக்கும், உள்ளிருந்து துரு தின்னும். செம்மண் சேறு துளைகள் வழியாக உள்ளே போய்த் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பின் குறுக்குத் தண்டும் முன் கதவுக்குக் கீழே நீளும் கைகளும் மந்தமாகவே ஒலித்தன. நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டியெடுத்து 2 மில்லிமீட்டர் தகடு வைத்து வெல்டிங் அடித்தோம். பெட்ரோல் டேங்கை இறக்கி, பேட்டரியையும் ஆல்டர்நேட்டரையும் துண்டித்த பிறகே வெல்டிங். அடியில் தார் பூசச் சொல்பவர்கள் உண்டு, நான் பூசவில்லை. தார் வெடித்தால் அதன் பின்னே தண்ணீர் ஒளிந்துகொள்ளும். சூடாக்கிய மெழுகை உள்ளே பீய்ச்சி, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைத்திருக்கிறோம். அலுமினியமும் எஃகும் ஒட்டும் இடங்களில் வெள்ளைப் பொடி பூத்தால், இரண்டு உலோகத்துக்கும் நடுவே மின்னரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அங்கே நைலான் வாஷர் போட்டு ஜிங்க் பிரைமர் பூசினோம்.

இப்போது

ஒரு முழு மழைக்காலம் ஓடிவிட்டது. ஓட்டத்தில் மொத்தம் 28.2, எர்த் பக்கம் 14.1, மேல் பக்கம் 14.1. இரண்டையும் தனித்தனியாக அளந்து, டேஷ்போர்டுக் கீழே தொங்கும் நோட்டில் எழுதுகிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரி முனை, எர்த் பட்டை, கன்வெர்ட்டர் மூன்றையும் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். வால்வுகளுக்கான டாப்பெட் இடைவெளி 0.010 அங்குலம். ஈயமில்லாத பெட்ரோலில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேய்ந்தால் இந்த இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும், ஆகவே அதுவும் நோட்டில் ஏறுகிறது. இதுவரை குறையவில்லை.

மிச்சம் இருப்பது முன் வலது சக்கரம் திரும்ப இடம்தரும் உருண்டை உறை. அதன் குரோம் முலாம் குழிவிழுந்து, சீல் எத்தனை முறை மாற்றினாலும் கியர் எண்ணெய் பிரேக் டிரம் பக்கம் கசிகிறது. கேமரன் மலையில் நல்ல நிலையில் ஒன்று இருப்பதாக அண்ணனுக்குத் தகவல் வந்திருக்கிறது. அது கிடைக்கும்வரை எண்ணெய்க்குப் பதிலாக அந்த உறைக்கென்றே வரும், எண்ணெயைவிடக் கெட்டியான கிரீஸை அடைத்து வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை டிரம்மைக் கழற்றிப் பார்க்கிறோம்.